மூணு பல் போச்சு, வலி போகலை! முகத்துல 'ஷாக்' அடிக்குதா? மூளைக்குள்ள வளைஞ்ச ரத்தக்குழாய் கூட காரணமா இருக்கலாம்!

திண்டுக்கல்: ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அப்பவும் போகவில்லை. மூன்றாவது பல்லும் போனது. வலி மட்டும் அப்படியே நின்றது!

இது யாரோ ஒருவர் கதை இல்லை. நிலக்கோட்டை பக்கம் பூ கட்டி விற்கும் என் பெரியம்மாவின் கதை. வயசு 61. காலையில் முகம் கழுவினால் வலி. பல் விளக்கினால் வலி. டவுன் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காத்து பட்டாலே இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்கே போவார்.

"ஏப்பா, கரண்டுக் கம்பியை கன்னத்துல வச்சு எடுக்குற மாதிரி இருக்குப்பா. ஒரு நிமிஷந்தான். ஆனா அந்த ஒரு நிமிஷத்துல உசுரு போயி வருது" என்று என்னிடம் அழுதார்.

கண்ணு பட்டிருச்சு என்றார்கள். மந்திரித்தார்கள். கன்னத்தில் பத்துப் போட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி வாங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஒரு நரம்பு டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதில் தெரிந்தது பல் கோளாறு இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் ஒரு பெரிய குழாய் நீண்டு, வளைந்து, முகத்து நரம்பின் மேல் போய்ச் சாய்ந்து கிடந்தது!

ஸ்கேன் டாக்டர் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பல டாக்டர்களிடம் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். உங்க வீட்டிலும் ஒரு பெரியம்மா இருக்கலாம் இல்லையா?

அது என்ன வலி?

இந்த வலிக்கு டாக்டர்கள் வைத்த பேர் 'டிரைஜெமினல் நியூரால்ஜியா'. வாயில் நுழையாத பேர்தான். ஆனால் விஷயம் எளிது.

மூளையில் இருந்து முகத்துக்கு வரும் ஐந்தாவது நரம்பு ஒன்று இருக்கிறது. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இது மூன்று கிளையாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிறது. இரண்டாவது கன்னத்துக்கும் மேல் வரிசைப் பல்லுக்கும் போகிறது. மூன்றாவது தாடைக்கும் கீழ் வரிசைப் பல்லுக்கும் போகிறது. தொட்டால் தெரிவது, சுட்டால் தெரிவது, வலித்தால் தெரிவது எல்லாம் இந்த நரம்பு வழியாகத்தான்.

பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளையில்தான் இந்த நோய் வருகிறது. அதனால்தான் எல்லாருக்கும் இது பல்வலி மாதிரியே தெரிகிறது. பல்லில் கோளாறே இருக்காது. பல்லுக்குப் போகும் ஒயரில்தான் கோளாறு!

வாய் கோணிப் போகும் முகவாதம் வேறு, இது வேறு. முகவாதத்தில் கெடுவது ஏழாவது நரம்பு. அது முகத்தை அசைக்கிற நரம்பு. இது உணர்ச்சி நரம்பு. இதில் வாய் கோணாது, கண்ணு மூடாமல் போகாது. வலி மட்டும்தான். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலேயே 'நடிக்கிறாங்க' என்று பேசுகிறவர்களும் உண்டு.

பல்வலிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண பல்வலி விண் விண் என்று மணிக்கணக்கில் தெறிக்கும். ராத்திரி தூங்க விடாது. சூடா குடிச்சா, ஜில்லுன்னு குடிச்சா கூசும்.

இந்த நரம்பு வலி அப்படி இல்லை. பளிச்சென்று ஷாக் அடிக்கும். ஒரு நொடியில் இருந்து அதிகபட்சம் 2 நிமிஷம் வரைதான் இருக்கும். பட்டென்று நின்று விடும். நடுவில் ஒன்றுமே இருக்காது. மறுபடி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவையும் வரலாம், நூறு தடவையும் வரலாம். தூக்கத்தில் பெரும்பாலும் தொந்தரவு தராது.

இன்னொரு முக்கிய அடையாளம், வலியை எது கிளப்பி விடுகிறது என்பது. முகம் கழுவுவது, பல் விளக்குவது, சவரம் செய்வது, சோறு மெல்லுவது, பேசுவது, சிரிப்பது, முகத்தில் காத்து படுவது... இப்படி வலியே தராத சின்ன விஷயங்கள்தான் இந்த வலியைக் கிளப்பி விடும். என் பெரியம்மா மஞ்சள் பூசிக் குளிப்பதையே விட்டு விட்டார்.

வெளிநாடுகளில் எடுத்த கணக்குப்படி, ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு 4 முதல் 13 பேருக்கு இது புதிதாக வருகிறது. ஆண்களை விட பெண்களுக்கு அதிகம். 50 வயசுக்கு மேல் அதிகம். 2011 சென்சஸ்படி நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் ஜனத்தொகை 21 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட்டுப் பார்த்தால், குறைந்தது 80 பேருக்காவது வருஷா வருஷம் வர வேண்டும். அவங்கள்ல எத்தனை பேர் பல்லைப் பறிகொடுத்தாங்களோ!

சல்மான் கானையும் விடலை

இந்தி நடிகர் சல்மான் கானுக்கும் இந்த நோய் இருந்ததை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். 2011ல் அமெரிக்கா போய் சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2025ல் கபில் சர்மாவின் நிகழ்ச்சியில் பேசும்போது, இந்த நரம்பு வலி தவிர, மூளை ரத்தக்குழாயில் வீக்கமும், ரத்தக்குழாய்ச் சிக்கலும் தனக்கு இருப்பதாகச் சொன்னார். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற நடிகருக்கும், முழம் கணக்கில் பூ விற்கிற என் பெரியம்மாவுக்கும் வலி ஒண்ணுதான்.

350 வருஷத்துக்கு முந்தியும் பல்லைத்தான் பிடுங்கினாங்க!

1677ல் பாரிஸ் நகரத்தில் நடந்தது இது. பிரான்சுக்கு இங்கிலாந்து அனுப்பிய தூதரின் மனைவிக்கு முகத்தில் தாங்க முடியாத வலி. பல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள், தீரவில்லை. அப்போது பாரிசில் இருந்த ஜான் லாக் வைத்தியம் பார்க்க வந்தார். ஆமாம், பிற்காலத்தில் தத்துவ மேதை என்று பேர் வாங்கிய அதே ஜான் லாக்தான். அவர் டாக்டருக்கும் படித்தவர். அந்த அம்மா பட்ட பாட்டை அவர் கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு 1773ல் லண்டன் டாக்டர் ஜான் ஃபாதர்கில் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். ஆனாலும் ஏன் வருகிறது என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

1930களில் அமெரிக்க மூளை சர்ஜன் வால்டர் டேன்டி, இந்த நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். பல பேருக்கு ரத்தக்குழாய் ஒன்று நரம்பில் போய் இடித்துக்கொண்டு இருந்தது. 1960களில் பீட்டர் ஜனெட்டா என்ற இன்னொரு அமெரிக்க சர்ஜன் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, இதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். ஆரம்பத்தில் பல டாக்டர்கள் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க அவர் காட்டிய வழியில்தான் ஆபரேஷன் நடக்கிறது.

ஒயர் உரிஞ்சா ஷாக் அடிக்கும்ல, அதே கதைதான்

நரம்பு என்பது கரண்டு ஒயர் மாதிரி. மேலே ஒரு உறை இருக்கிறது. மூளையில் இருந்து நரம்பு கிளம்புகிற இடத்தில், முதல் சில மில்லி மீட்டர் வரைக்கும் இந்த உறை கொஞ்சம் பலவீனம். அந்த இடத்தில் ஒரு ரத்தக்குழாய் உட்கார்ந்து கொண்டால் என்ன ஆகும்? இதயம் துடிக்கும்போதெல்லாம் குழாயும் துடிக்கும். நிமிஷத்துக்கு 70 தடவை இடி! வருஷக்கணக்கில் இடித்து இடித்து உறை தேய்ந்து போகிறது.

பிளாஸ்டிக் உரிஞ்ச ரெண்டு ஒயர் உரசினால் பொறி பறக்கும் இல்லையா? அதே மாதிரி, தொடு உணர்ச்சி கொண்டு போகும் இழையில் இருந்து வலி கொண்டு போகும் இழைக்கு பொறி தாவுகிறது. காத்து பட்டால் கூட கத்தி பட்ட மாதிரி வலிப்பது இதனால்தான்.

வழக்கமாக இடிப்பது சிறுமூளைக்குப் போகிற மேல் ரத்தக்குழாய். இப்படி இடி வாங்குகிறவர்களில் நாலில் மூணு பேருக்கு இதுதான் காரணம். ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. சில பேருக்கு ஸ்கேனில் அபூர்வமான காரணங்கள் தெரிய வருகின்றன. சிலது பிறவியிலேயே வந்தது, சிலது வயசாகி வந்தது. அவை என்னென்ன?

1. நீண்டு வளைஞ்ச பெரிய குழாய்

என் பெரியம்மாவுக்கு வந்தது இதுதான். கழுத்தின் பின்பக்கம் வழியாக இரண்டு ரத்தக்குழாய் மேலே ஏறி, மூளைத்தண்டுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழாயாகிறது. இதற்கு பேசிலர் தமனி என்று பேர். நேராகப் போக வேண்டிய குழாய் இது. பிரஷர் இருந்தும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, வயசு ஆக ஆக குழாயின் சுவர் தளர்ந்து, பழைய ரப்பர் டியூப் மாதிரி நீண்டு, பருத்து, வளைந்து விடலாம். நாலரை மில்லி மீட்டருக்கு மேல் பருத்தால் டாக்டர்கள் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த நரம்பு வலி வருகிற நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இந்தக் குழாய் காரணமாக இருக்கிறது. பெரும்பாலும் இடது பக்கம் வருகிறது. பெரியம்மாவுக்கும் இடது பக்கம்தான். அவருக்குப் பிரஷர் இருப்பதே ஸ்கேன் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது!

2. கருவிலேயே மறைஞ்சிருக்க வேண்டிய குழாய்

வயித்துல குழந்தை உருவாகும் முதல் ஒன்றரை மாசத்துக்குள், மூளையின் முன்பக்க ரத்தக்குழாயையும் பின்பக்க ரத்தக்குழாயையும் இணைக்க ஒரு தற்காலிகக் குழாய் உருவாகிறது. ரோடு போடும்போது மாற்றுப்பாதை விடுவாங்களே, அந்த மாதிரி. நிரந்தரப் பாதை தயாரானதும் இது ஒரு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

ஆயிரம் பேரில் ஒன்றில் இருந்து ஆறு பேருக்கு இது மூடாமல் அப்படியே தங்கி விடுகிறது. இது போகிற வழி சரியாக அந்த ஐந்தாவது நரம்பை ஒட்டித்தான். பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும். ஆனால் சில பேருக்கு நரம்பில் இடித்து வலியைக் கிளப்புகிறது.

இப்படி ஒரு குழாய் இருப்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிவது ரொம்ப முக்கியம். ஏனென்றால் கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பை மரத்துப்போக வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. குழாய் இருப்பது தெரியாமல் ஊசி விட்டால், குத்துப்பட்டு ரத்தக்கசிவு ஆகும் ஆபத்து இருக்கிறது.

3. முத்து மாதிரி ஒரு கட்டி

இதுவும் கருவிலேயே ஆரம்பிக்கிற கோளாறுதான். தோலாக மாற வேண்டிய சில செல்கள் வழி தவறி மூளைப் பக்கம் மாட்டிக்கொள்கின்றன. நம்ம தோல் தினமும் உதிர்கிற மாதிரி, அதுவும் உள்ளேயே உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்து கட்டியாகிறது. பல வருஷம் சத்தமே இல்லாமல் வளரும். ஆபரேஷனில் திறந்து பார்த்தால் முத்து மாதிரி வெள்ளையாக மினுமினுக்கும். இது கேன்சர் இல்லை.

20, 30 வயசில் ஒருவருக்கு இந்த முகவலி வந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவதில் இதுவும் ஒன்று. சாதாரண ஸ்கேன் படத்தில் இது மூளையைச் சுற்றி இருக்கும் தண்ணீர் மாதிரியே தெரியும், ஏமாற்றி விடும். அதற்கென்று தனியாக ஒரு வகைப் படம் எடுத்தால் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டிக் கொடுத்து விடும்.

இது தவிர நரம்பு உறையில் வரும் கட்டி, மூளை உறையில் வரும் கட்டி ஆகியவையும் நரம்பை நசுக்கலாம். இதில் பெரும்பாலானவை கேன்சர் இல்லாத கட்டிகள்தான்.

4. நூல் சிக்கின மாதிரி ரத்தக்குழாய்

நல்ல ரத்தம் போகும் குழாயும், கெட்ட ரத்தம் திரும்பும் குழாயும் நேரடியாகப் பின்னிக்கொண்டு, நூல்கண்டு சிக்கின மாதிரி ஆகிவிடும். இதை ஏ.வி.எம். என்பார்கள். இந்தச் சிக்கல் நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் முகவலி வரலாம். ரொம்ப அபூர்வம். ஆனால் இது வெடித்து ரத்தம் கசியும் அபாயமும் உண்டு என்பதால் ஸ்கேனில் கண்டுபிடிப்பது உயிர் காக்கும் விஷயம்.

5. கெட்ட ரத்தக் குழாயும் இடிக்கும்

துடிக்கிற தமனி மட்டும்தான் இடிக்கும் என்று நினைக்க வேண்டாம். கெட்ட ரத்தம் திரும்பும் சிரை கூட நரம்பை அழுத்தலாம். சில பேருக்கு நரம்புக்குள்ளேயே ஊடுருவிப் போகும். இதை ஆபரேஷனில் சரி செய்வது கொஞ்சம் சிரமம்.

6. இடம் பத்தாத மண்டை

சில பேருக்குப் பிறவியிலேயே மண்டையின் பின்பக்கக் குழி சின்னதாக இருக்கும். பத்து பேர் ஏற வேண்டிய ஷேர் ஆட்டோவில் பதினைந்து பேர் ஏறினால் முட்டும்தானே? அதே மாதிரி நரம்பும் குழாயும் நெருக்கியடித்துக்கொள்கின்றன. சில பேருக்கு காதுக்கு உள்பக்க எலும்பு துருத்திக்கொண்டு நரம்பில் குத்தும். இதெல்லாம் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான்.

7. உறையே அழியும் நோய்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். இதில் ரத்தக்குழாய் இடிக்காமலேயே நரம்பு உறை அழிகிறது. நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதைத் தின்கிறது. சின்ன வயசில், அதுவும் இரண்டு பக்கமும் முகவலி வந்தால் இந்தச் சந்தேகம் வரும். ஸ்கேனில் மூளைத்தண்டில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

8. காதுக்குக் கீழே நீளமான எலும்பு

இது வேறு நரம்பு, ஆனால் ஆளைக் குழப்பும். காதுக்குக் கீழே ஊசி மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. சாதாரணமாக 2.5 முதல் 3 சென்டி மீட்டர். அது அதற்கு மேல் நீண்டு விட்டால், எச்சில் விழுங்கும்போது, கழுத்தைத் திருப்பும்போது தொண்டையிலும் காதிலும் குத்தும். தொண்டையில் முள் மாட்டின மாதிரி இருக்கும். 1937ல் வாட் ஈகிள் என்ற அமெரிக்க டாக்டர் இதை விவரித்ததால் அவர் பேரிலேயே 'ஈகிள் நோய்' என்கிறார்கள். இதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. ஸ்கேனிலேயே எலும்பு அப்பட்டமாகத் தெரியும்.

எந்த ஸ்கேன் எடுக்கணும்?

எம்.ஆர்.ஐ. தான். ஆனால் ஒரு விஷயம் கவனிங்க. சாதாரண மூளை ஸ்கேனில் 5 மில்லி மீட்டர் கனத்துக்கு ஒரு படம் என்று எடுப்பார்கள். நரம்போ சில மில்லி மீட்டர்தான் தடிமன். ரெண்டு படத்துக்கு நடுவுல நரம்பே தப்பிச்சிரும்! வெங்காயத்தைத் தடியா நறுக்கினா உள்ள இருக்கிற சின்னப் புழு கண்ணுல படாது. சன்னமா நறுக்கினா பட்டுரும். அது மாதிரி, இந்த நரம்புக்கென்று ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான கனத்தில் தனியாகப் படம் எடுக்க வேண்டும். ரத்தக்குழாய்க்கும் தனிப் படம் உண்டு.

என் பெரியம்மாவுக்கு முதலில் ஒரு சென்டரில் சி.டி. ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஆறு மாசம் ஓடியது. அதனால் ஸ்கேன் எழுதும்போதே, 'இது முகத்து நரம்பு வலிக்குத்தான் எடுக்கிறோம்' என்பதை டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குப் பயப்படத் தேவையில்லை. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். குகை மாதிரி மிஷினுக்குள் அரை மணி நேரம் ஆடாமல் படுக்கணும். டம் டம் என்று சத்தம் கேட்கும், காதுக்குப் பஞ்சு கொடுப்பாங்க. தோடு, மூக்குத்தி, ஹேர்பின், மெட்டி எல்லாம் கழட்டச் சொல்வார்கள். தாலிச் செயினைக் கழட்ட மனசு வராதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், உடம்பில் பிளேட், கிளிப் வைத்தவர்கள், கிட்னி கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கட்டாயம் முன்னாடியே சொல்லணும்.

ஸ்கேன்ல குழாய் தொட்டாலே நோயா?

இல்லை! வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் ஸ்கேன் எடுத்தால் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதேபோல் வலி உள்ள பத்தில் ஒருவருக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியாது. எனவே நோய் இருக்கிறதா இல்லையா என்பதை டாக்டர் முடிவு செய்வது நீங்கள் சொல்கிற வலிக் கதையை வைத்துத்தான். ஸ்கேன் எடுப்பது காரணத்தைத் தேடுவதற்கு. அதனால் டாக்டரிடம் போகும்போது, எப்போ வருது, எத்தனை நொடி இருக்கு, எது பண்ணினா வருது, எந்தப் பக்கம் என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்க.

கீழே உள்ளவை இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப் போடவே கூடாது:

* 40 வயசுக்குக் கீழே இந்த வலி வந்தால்
* முகத்தில் மரத்துப்போன மாதிரி இருந்தால்
* இரண்டு பக்கமும் வலி வந்தால்
* அதே பக்கம் காது கேட்பது குறைந்தால்
* நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால்
* மாத்திரைக்குக் கொஞ்சமும் கேட்காவிட்டால்

வைத்தியம் என்ன?

சாதாரண வலி மாத்திரை இதற்கு வேலை செய்யாது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபைன் என்ற மாத்திரைதான் முதல் மருந்து. 1962ல் இருந்து இந்த வலிக்குக் கொடுத்து வருகிறார்கள். வலிப்பு மாத்திரை கொடுத்துட்டாங்களேன்னு பயப்பட வேண்டாம். நரம்பில் பறக்கும் பொறியை அடக்குவதற்குத்தான் அது.

ஆனால் இதை நீங்களாக மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடவே கூடாது. தலைசுற்றல், தூக்கம், தள்ளாட்டம் வரலாம். ரத்தத்தில் உப்புச்சத்து குறையலாம். சில பேருக்கு உடம்பெல்லாம் தோல் உரிகிற அளவுக்கு ஆபத்தான அலர்ஜி வரலாம். ஆசியாக்காரர்களில் சிலருக்குப் பரம்பரையாகவே இந்த ஆபத்து அதிகம் என்பதால், மருந்து தரும் முன்பே சில டாக்டர்கள் அதற்கென ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மாசத்தில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றபடி வலி நின்று விட்டது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மாத்திரை கேட்காதவர்களுக்கு ஆபரேஷன். காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டில் சின்னதாகத் துளை போட்டு, நரம்பில் இடிக்கும் குழாயை நகர்த்தி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைத்து விடுவார்கள். தோசைக்கல்லில் பூசுகிற அதே வகைப் பொருள்தான். பீட்டர் ஜனெட்டா ஆபரேஷன் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 10 வருஷம் கழித்தும் பத்தில் ஏழு பேர் மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். காது மந்தமாவது, முகம் மரத்துப் போவது, மூளை நீர் கசிவது, அபூர்வமாகப் பக்கவாதம், உயிருக்கே ஆபத்து போன்றவையும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடணும்.

மண்டையைத் திறக்க முடியாத வயசானவர்களுக்கு, கன்னம் வழியாக ஊசி விட்டுச் சுடுவது, பலூன் வைத்து அழுத்துவது, கதிர்வீச்சு என்று வேறு வழிகள் உண்டு. கட்டி, ஏ.வி.எம். போன்றவை இருந்தால் அதற்குத் தனி வைத்தியம். காரணம் தெரியாமல் வைத்தியம் சரியா அமையாது. ஸ்கேன் முக்கியம்னு சொல்றது இதுக்குத்தான்.

எங்கே போகணும்?

முதலில் பல் டாக்டரிடம் போவதில் தப்பே இல்லை. நிஜமாகவே பல் கெட்டுப் போயிருக்கலாம். பல டாக்டர்கள் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, 'இது பல் இல்லை, நரம்பு டாக்டரைப் பாருங்க' என்று சரியாக அனுப்பி வைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பல் நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் பிடுங்கச் சொன்னால் மட்டும், ஒரு நிமிஷம் நில்லுங்க.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சீட்டுப் போட்டு நரம்பியல் டாக்டரைப் பார்க்கலாம். மூளை நரம்பு ஆபரேஷனுக்கு நம்ம ஊர் ஒன்றும் புதுசு இல்லை. 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தியும் ஆரம்பித்து வைத்த வைத்தியம் அது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்க. உங்களுக்கு எழுதிய ஸ்கேனும் ஆபரேஷனும் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வலி தாங்காமல் தப்பான முடிவு எடுக்க நினைப்பவர்களும் உண்டு. என் பெரியம்மாவே ஒரு நாள் 'கிணத்துல விழுந்துரலாம்னு தோணுதுப்பா' என்றார். அப்படி யாராவது சொன்னால் சும்மா சொல்றாங்க என்று விட்டுவிடாதீங்க. பக்கத்திலேயே இருங்க. 104 அல்லது 14416க்கு போன் போடுங்க, காசு கிடையாது. எந்த நேரமும் பேசலாம். இந்த வலிக்கு வைத்தியம் இருக்கு என்பதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க.

பெரியம்மா இப்போ எப்படி இருக்காங்க?

அவருக்குக் குழாய் ரொம்பப் பெரிசு, நகர்த்துவது சிரமம் என்பதால் டாக்டர்கள் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். நரம்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். மாசம் ஒரு தடவை ரத்தத்தில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வலி முழுசாப் போகவில்லை. ஆனால் நாளைக்கு நாற்பது தடவை வந்தது, இப்போ வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான்.

போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். முந்தானையை முகத்தில் மூடாமல் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் மஞ்சள் பூசியிருந்தார்.

"வலி பரவாயில்லப்பா. ஆனா அந்த மூணு பல்லு இருந்திருந்தா முறுக்கு கடிச்சிருப்பேன்ல" என்று சிரித்தார்.

போன பல் திரும்ப வராது. உங்க பல்லையாவது காப்பாத்திக்கோங்க. முகத்துல ஷாக் அடிச்சா, பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி நரம்பு டாக்டரை ஒரு தடவை பாருங்க!